8 வயதுப் பிள்ளைக்கு 4சி சுருள் முடி: பாக்ஸ் பிரெய்ட்ஸா, ட்விஸ்ட்டா, கார்ன்ரோவா?

மாலதி_ஈஸ்ட்ஹாம்

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 8 வயசு. தகப்பன் கானா நாட்டவர். பிள்ளையின்ர தலைமயிர் 4சி வகை, எண்டால் ஆக நெருக்கமான சுருள். ஈரத்தில இழுத்துப் பிடிச்சால் 25 சென்றிமீற்றர் வரும், காய்ஞ்சால் 8க்குச் சுருங்கிப் போகும். இப்ப ரெண்டு பக்கமும் உருண்டையாக் கட்டி விடுறது. இறப்பர் பாண்ட் போடுற இடத்தில வட்டமா முறிஞ்சிருக்கு, நுனியெல்லாம் முடிச்சு முடிச்சா நிக்குது. கிழமைக்கு ஒருக்கால் தோயிறது, ஒவ்வொரு நாளும் தேங்காயெண்ணெய், காலமை சீப்பு.

செப்டம்பரில நாலாம் வகுப்பு தொடங்குது. செவ்வாய்க்கிழமைகளில நீச்சலும் இருக்கு. ஒரு சலூனில இடுப்பளவுக்கு பாக்ஸ் பிரெய்ட்ஸ் (சதுரம் சதுரமாப் பிரிச்சு, சவுரி சேர்த்துப் பின்னுறது) போட்டால் எட்டுக் கிழமைக்குத் தலையைப் பார்க்கவே தேவையில்லை எண்டு சொல்லிச்சினம். நாட்லெஸ், கார்ன்ரோ, ட்விஸ்ட் எண்டு வேற பெயர்களும் சொல்லினம். இந்த வயசுக்கு எது சரி? எத்தனை நாள் வைக்கலாம்? பின்னலோட எப்பிடித் தோயிறது? ஞாயிற்றுக்கிழமைகளில அரை நாள் ஒதுக்க ஏலும். தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

பின்னல்காரி_கிராய்டன்

மாலதி அக்கா, எட்டு வாரம் தலையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். இடுப்பளவு சவுரி எட்டு வயதுத் தலைக்குப் பாரம். அதை எட்டு வாரம் வைப்பது அதைவிடக் கெடுதல்.

செப்டம்பருக்கு அவளுடைய சொந்த முடியிலேயே டூ ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட் போடுங்கள், நம் பாஷையில் இரண்டு கால் முறுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவிழ்த்து, கழுவி, மறுபடி முறுக்க வேண்டும். நீச்சல் வகுப்பு ஓடும் பருவத்தில் கார்ன்ரோவுக்கு, அதாவது தலைத்தோலோடு ஒட்டி வரிசையாகப் பின்னுவதற்கு, மாறிக்கொள்ளலாம். சவுரி வைத்த நாட்லெஸ் (வேரடியில் முடிச்சில்லாத) பின்னலை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், 4சி முடியிழை உருண்டையாக இருப்பதில்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டம். இழை திரும்புகிற ஒவ்வொரு வளைவும் பலவீனமான இடம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவையும் சுற்றி இறங்கி நுனிக்கு வந்து சேராது. அதனால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். வறண்ட நுனி சீப்பில் முறியும், சட்டைக் காலரில் உரசியும் முறியும். முடி வளரத்தான் செய்கிறது. வளர்கிற அளவுக்குக் கீழே முறிந்துகொண்டும் இருக்கிறது. நுனியை முறுக்குக்குள் ஒடுக்கி, சீப்பு படாமல் இரண்டு வாரம் விட்டால் அந்த முறிவு பெருமளவு குறையும். பாதுகாப்புப் பின்னல் செய்வது இதை மட்டும்தான். வேரை இழுத்துப் பிடிக்கிற பின்னலுக்கு அந்தப் பெயரே பொருந்தாது.

இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. காய்ந்த முடியை ஆறு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கிக் கிளிப் போடுங்கள். கழுவுவதற்கு அரை மணி முன்னால் தேங்காய் எண்ணெய் தடவலாம், அந்த எண்ணெய்க்குச் சரியான இடம் இதுதான். அது இழைக்குள் புகுந்து, கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைக்கிறது. பிறகு ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கை நிறையக் கண்டிஷனர் போட்டு, முதலில் விரலால் சிக்கெடுங்கள். சிக்கு இளகிய பிறகே அகலப்பல் சீப்பு. நுனியில் தொடங்கி, இரண்டு இரண்டு அங்குலமாக வேரை நோக்கி ஏற வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் ஒரே முடிச்சாக இறுகும், அப்புறம் கத்தரிதான். இந்த நீளத்துக்கு ஒரு தடவைக்கு அரைக் கப் கண்டிஷனர் செலவாகும். வழுக்கிக்கொண்டு போகவில்லை என்றால் இன்னும் போடுங்கள், இங்கே சிக்கனம் வேண்டாம்.

ஷாம்பு தலைத்தோலுக்குத்தான். பாகம் பிரித்தபடியே விரல் நுனியால் தேயுங்கள். நுரை வழிந்து இறங்குவதே நுனிக்குப் போதும். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலில் படிகிற அதே சுண்ணாம்பு முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும். மாதம் ஒரு முறை கடினத் தண்ணீருக்கென்று விற்கும் ஷாம்பு போடுங்கள், பின்பக்கம் இடிடிஏ (சுண்ணாம்பைப் பிடித்து நீக்கும் பொருள்) என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு கண்டிஷனர் தடவி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு 20 முதல் 30 நிமிடம் விட்டு அலசுங்கள். துவட்டுவதற்குப் பழைய பருத்திப் பனியன் போதும். டர்க்கித் துண்டின் நூல் வளையங்கள் சுருளில் மாட்டி இழுக்கும்.

முறுக்குவதற்கு முன் முடியை நீட்டிக் காயவைக்க வேண்டும். ஹேர் டிரையர் தேவையே இல்லை. எட்டுப் பெரிய பின்னலாகப் பின்னி இரவு விட்டாலே போதும். நைஜீரியாவின் யொரூபா மக்கள் வேரிலிருந்து நுனி வரை கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டும் முறை இதைவிட நன்றாக நீட்டும். ஈரத்தோடு இறுக்கிப் பின்னாதீர்கள். காயும்போது முடி சுருங்கி, பின்னிய இறுக்கம் இன்னும் கூடும்.

காய்ந்த முடியில் பாகத்துக்கு ஒரு தேக்கரண்டி லீவ் இன் (அலசாமல் அப்படியே விடும் கண்டிஷனர்), அதன் மேல் மொச்சை அளவு ஷியா வெண்ணெய். வால் சீப்பால் 3.5 முதல் 4 சென்டிமீட்டர் சதுரமாக வகிடெடுங்கள், செங்கல் அடுக்குகிற மாதிரி. கீழ் வரிசைச் சதுரத்தின் நடுவில் மேல் வரிசையின் கோடு வர வேண்டும். அப்போது வெள்ளைக் கோடாக மண்டை தெரியாது. முதல் இரண்டு மூன்று மடிப்பை மூன்று கால் பின்னலாகப் போட்டுவிட்டு, பிறகு இரண்டு காலாக்குங்கள். ஒவ்வொரு காலையும் விரலால் வலப்பக்கம் உருட்டிக்கொண்டே, ஒன்றின் மேல் ஒன்றை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். கயிறு திரிப்பதும் இதே கணக்குதான். எதிரெதிர் முறுக்கு இருந்தால்தான் அவிழாது. இரண்டையும் ஒரே பக்கம் சுற்றினால் அடுத்த நாளே பிரிந்துவிடும். நுனியைக் கொஞ்சம் ஜெல் தொட்டு விரலில் சுருட்டி விடுங்கள், இறப்பர் பாண்ட் வேண்டாம்.

மொத்தம் 30லிருந்து 40 முறுக்கு வரும், கை பழகினால் மூன்று மணி நேரம். மெல்லியதாகப் போட்டால் அழகு என்று 80 முறுக்குப் போடுகிறவர்கள் அவிழ்க்கிற நாளில் அழுகிறார்கள். நெற்றியோரம் மட்டும் கவனம். அங்கே பூனைமுடியைச் சேர்த்து இழுக்காமல், கொஞ்சம் தடித்த முறுக்காக விடுங்கள்.

இரண்டு வாரம். மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் உதிர்ந்த முடி வேரடியில் சுற்றி, சடையாகத் திரிய ஆரம்பிக்கும்.

பரிஸ்_குமுதா

கிராய்டன் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. சவுரி வைச்சுப் பின்னுறதைப் பற்றி மட்டும் நான் எழுதுறன். மாலதி எப்படியும் ஒருக்கால் அதுக்குப் போவீங்கள், பிள்ளையே கேக்கும்.

பழைய பாக்ஸ் பிரெய்ட்ஸில சவுரியை வேரடியிலயே முடிச்சுப் போட்டுத்தான் தொடங்கினம். அந்த முடிச்சு தலைத்தோலில குந்தியிருக்கும், முதல் நாளே முழுப் பாரமும் வேரில. நாட்லெஸ் எண்டால் பிள்ளையின்ர சொந்த மயிரில மூண்டு, நாலு மடிப்புப் பின்னி, அதுக்குப் பிறகு மெல்லிய கீற்றா சவுரியைச் சேர்த்துக்கொண்டு போவினம். வேரடி வளைஞ்சு கொடுக்கும், முதல் இரவே பிள்ளை நித்திரை கொள்ளும். ஆனால் நேரம் கூட. எட்டு வயசுப் பிள்ளைக்கு அஞ்சு, ஆறு மணித்தியாலம் எண்டு நினையுங்கோ. ரெண்டு நாளாப் பிரிச்சுச் செய்யலாமோ எண்டு முன்னமே கேளுங்கோ.

சலூனில நீங்கள் சொல்ல வேண்டியது: 3 சென்றிமீற்றருக்குக் குறையாத சதுரம், நீளம் தோள்பட்டைக்குக் கீழ போகக்கூடாது, மொத்தம் 50 பின்னலுக்கு மேல வேண்டாம். முன்னமே இழுத்துச் சீராக்கின சவுரிப் பைக்கற் எண்டால் இந்த அளவுக்கு 3 போதும். ஒரு பின்னலுக்குச் சேர்க்கிற சவுரி, அந்தச் சதுரத்தில இருக்கிற சொந்த மயிரைவிடத் தடிப்பா இருக்கவே கூடாது. தலை நனைஞ்சால் பாரம் இன்னும் கூடும் எண்டதையும் கணக்கில எடுங்கோ.

எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிறது: திருப்பதி, திருத்தணி, பழனியில மொட்டையடிக்கிற உண்மை மயிர் உலகம் முழுக்கப் போகுதே, அதை வாங்கிப் பின்னினால் நல்லதல்லோ? விக்குக்கும், தலையில பின்னலோட தைச்சு வைக்கிற வீவுக்கும் அது அருமை. பாக்ஸ் பிரெய்ட்ஸுக்குச் சரிவராது. நீட்டா, வழுக்கலா இருக்கிறதால பின்னல் பிடிக்காமல் நழுவி இறங்கும். அதுதான் சொரசொரப்பான கானேகலோன் மாதிரிச் செயற்கை இழையைப் பாவிக்கினம், அது ஜப்பானில கனேக்கா நிறுவனம் செய்யிறது.

அந்தச் செயற்கை இழையில ரெண்டு சிக்கல். ஒண்டு அரிப்பு. இழையில இருக்கிற பூச்சு சில பிள்ளையளின்ர கழுத்திலயும் காதடியிலயும் சிவப்பாத் தடிக்கப் பண்ணும். பின்னுறதுக்கு முதல் நாள் ஒரு பங்கு அப்பிள் வினிகர், நாலு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணி கலந்து, சவுரியை மடிச்சு இறப்பர் போட்டபடியே அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ. தண்ணிக்கு மேல வெள்ளையா ஆடை மாதிரிப் படரும். அதுதான் அந்தப் பூச்சு. வடிவா அலசி, இரவு முழுக்கத் தொங்கவிட்டுக் காயவையுங்கோ. ரெண்டாவது கொஞ்சம் பாரதூரமானது. 2025இல அமெரிக்காவின்ர கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 10 செயற்கைச் சவுரிகளைச் சோதிச்சதில 9இல ஈயம் இருந்தது. வினிகர் ஈயத்தை எடுக்கும் எண்டு நம்பி இருக்கக்கூடாது. பின்னல் நுனியை வாயில வைச்சுச் சப்புற பழக்கமுள்ள பிள்ளை எண்டால் நான் செயற்கைச் சவுரி வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். வாழைநாரில செய்யிற சவுரியும் இப்ப விக்கினம், அதைத் தேடிப் பாருங்கோ.

நுனியை மூட, கொதிதண்ணிக்குள்ள தோய்க்கிற வழக்கம் இருக்கு. செயற்கை இழை சூட்டில இறுகிப் பின்னல் அவிழாமல் நிக்கும். பிள்ளையளுக்கு இதைச் செய்யிற நேரத்தில நனைஞ்ச பின்னல் முதுகில அடிச்சால் பொசுங்கிப் போகும். தோளில மடிச்ச தடிச்ச துவாய் போட்டு, கதிரையில நேரா இருத்தி, பின்னலைக் கோப்பைக்குள்ள விட்டு எடுத்த கையோட இன்னொரு துவாயால ஒத்த வேணும். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிற ரகம் எண்டால் அதை விட்டிட்டு, நுனியை முறுக்கா முடிக்கச் சொல்லுங்கோ.

நாட்லெஸ் 4 கிழமை, கூடினால் 6. பின்னலோட தோயிறது ரெண்டு கிழமைக்கு ஒருக்கால்: மூக்கு வைச்ச போத்திலில ஒரு பங்கு ஷாம்பூ, நாலு பங்கு தண்ணி, வகிட்டுக் கோடுகளில மட்டும் விட்டு விரலால ஒத்தித் தேயுங்கோ. பின்னலை உள்ளங்கையால பிழிஞ்சு விடுங்கோ, கசக்க வேண்டாம். பிறகு காயவைக்கிறது முக்கியம். உள்ள ஈரம் நிண்டால் ரெண்டாம் நாள் ஊத்தை மணம் வரும். காலமை தோய்ஞ்சால்தான் படுக்கப் போக முதல் காயும்.

கழட்டுறது. இங்கதான் கனபேர் நல்லா வைச்சிருந்த மயிரையும் பாழாக்கினம். சொந்த மயிர் எங்க முடியுது எண்டு தடவிப் பார்த்து, அதுக்கு 5 சென்றிமீற்றர் கீழ சவுரியை வெட்டி, வால் சீப்பால அவிழுங்கோ. வேரில இருந்து ஒண்டு, ஒண்டரைச் சென்றிமீற்றர் தள்ளி, புது மயிர் முடிஞ்சு பின்னல் தொடங்கின இடத்தில, சாம்பல் நிறத்தில ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய், தூசு, பஞ்சு எல்லாம் சேர்ந்தது. அதில எண்ணெயோ கண்டிஷனரோ தொட்டு ஒரு நிமிசம் ஊறவிட்டு, விரலால நுள்ளிக் கழட்ட வேணும். கழட்டி, சிக்கெடுத்து, உதிர்ந்ததெல்லாம் வந்து முடிஞ்ச பிறகுதான் தண்ணி. அந்த வளையத்தோட தோய்ஞ்சால் அது கம்பளி மாதிரித் திரைஞ்சு போகும், பிறகு ஒருத்தராலயும் பிரிக்க ஏலாது.

கைநிறைய மயிர் வரும், பயப்பிடாதேங்கோ. ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர் உதிருறது வழமை. ஆறு கிழமைக்கு 2100இல இருந்து 4200. பின்னலுக்குள்ள மாட்டி நிண்டதெல்லாம் ஒரே நாளில கைக்கு வருது. நுனியில சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானா உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் கட்டையா இருக்கிறதுதான் முறிஞ்சது.

பரிஸில இருக்கிற ஆக்களுக்கு: லா ஷப்பலில எங்கட கடைத்தெரு முடிஞ்சு கொஞ்சம் நடந்தால் ஷத்தோ தோ மெத்ரோ, அங்க முழுக்க ஆபிரிக்கச் சலூன்கள். வாசலில கூப்பிடுற ஆளோட உடனே போகாமல், உள்ள போய் ஏற்கெனவே பின்னிக்கொண்டிருக்கிற ஒரு தலையின்ர நெற்றியோரத்தைப் பாருங்கோ. அங்க தோல் இழுபட்டு மினுங்கினால் வேற கடை.

தோல்மருத்துவம்_சென்னை

பின்னல் முறை குறித்து மேலே இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எப்போது பின்னலை நிறுத்த வேண்டும் என்பதை நான் சேர்க்கிறேன்.

இறுக்கமான சிகையால் வரும் முடி இழப்புக்கு இழுவை வழுக்கை என்று பெயர். இது ஆப்பிரிக்க முடிக்கு மட்டும் வருவதல்ல. 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவானது. இறுக்கக் கொண்டை போடும் சீக்கியச் சிறுவர்களிடமும் பார்க்கிறோம். கேப்டவுனில் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று: ரிலாக்ஸர் போட்டு நேராக்கிய முடியில் பின்னலோ வீவோ சேரும்போது ஆபத்து மிக அதிகம். ஆகவே பின்னல் போடப் போகிற தலைக்கு ரிலாக்ஸர் வேண்டாம். குழந்தைக்கு எப்படியும் வேண்டாம்.

பின்னி முடித்ததும், நாற்காலியை விட்டு எழும் முன், குழந்தையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், தலையைக் குனியச் சொல்லுங்கள். வலிக்கிறது என்றால் இறுக்கம் அதிகம். ஒரு பின்னலின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சின்னக் கூடாரம் போல எழும்பி நின்றால் அந்தப் பின்னலை அப்போதே அவிழ்த்துவிட வேண்டும். ‘இரண்டு நாளில் தளர்ந்துவிடும்’ என்பதை ஏற்காதீர்கள், வலி மாத்திரை கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். தளர்வது பின்னல் அல்ல, வேர். மறுநாள் வேரடியில் பரு போன்ற பொரிகள் வந்தால், அது இழுவையால் மயிர்க்கால் அழற்சி கண்டிருப்பதன் அடையாளம். முன்வரிசை முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள்.

நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலிந்து, ஆனால் விளிம்பில் மட்டும் மெல்லிய பூனைமுடி வரிசை மிஞ்சியிருந்தால் இழுவை வழுக்கை தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் திரும்ப வளரும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயாலும் வளராது. மாலதி சொல்லும் வட்ட முறிவு பெரும்பாலும் இறப்பர் பாண்ட் அறுத்தது. வேர் இருக்கிறது, வளர்ந்துவிடும். ஆனால் அந்த இடத்தின் தோலை ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், லண்டன் போன்ற நகரங்களில் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளிக் குழந்தைகளிடம் தலைப் படர்தாமரை அதிகம் காணப்படுகிறது. வட்டமான திட்டு, பொடுகு போல செதில், வேரடியில் ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும் முடி, கழுத்தின் பின்புறம் நெரிகட்டி: இவற்றில் எது இருந்தாலும் அதன் மேல் பின்னாதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். குடும்ப மருத்துவர் செதிலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார். பூஞ்சை முடியிழைக்குள்ளேயே இருப்பதால் களிம்பு அதை எட்டாது, வாய்வழி மருந்தைச் சில வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். சீப்பு, தொப்பி, தலையணை உறை எல்லாவற்றையும் தனியாக்குங்கள், வீட்டில் மற்றக் குழந்தைகளின் தலையையும் பாருங்கள்.

ஒரு பின்னலைக் கழற்றியதும் அடுத்ததை அன்றே போடாமல் ஒன்று இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். அடுத்த முறை வகிட்டை அரை சென்டிமீட்டர் தள்ளி எடுத்தால் அதே வேர்களின் மீது அதே பாரம் விழாது.

மாலதி_ஈஸ்ட்ஹாம்

மெத்தப் பெரிய உதவி. தலையைப் பிரிச்சுப் பார்த்தன், செதில் இல்லை, பொரியும் இல்லை. முறுக்கிலயே தொடங்கிறன். இன்னும் மூண்டு கேள்வி. பள்ளிக்கூட உடுப்பு விதியில “கார்ன்ரோ போன்ற அதீத சிகைகள் கூடாது” எண்டு ஒரு வரி கிடக்கு. அதை என்ன செய்யிறது? நீச்சலுக்குத் தொப்பி ஏறாது. முறுக்குப் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் எண்ணெய் வைக்கலாமோ?

டூட்டிங்_ரவி

பள்ளி விஷயம் எனக்குத் தெரியும். 2011ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு பள்ளியின் கார்ன்ரோ தடையை மறைமுக இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ், இப்படி விதிவிலக்கே இல்லாத தடைகள் சட்டவிரோதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. தலைமை ஆசிரியருக்குச் சண்டை தொனி இல்லாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: மகளின் முடி வகை, கார்ன்ரோ ஏன் தேவை, ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல், விதியின் அந்த வரியை மாற்றக் கோரிக்கை. நான்கு வரி போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். பள்ளி திறப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். முதல் நாள் வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசும்படி ஆகக்கூடாது. நிறமுள்ள சவுரி வேறு விஷயம், அதற்கு விதி இருந்தால் கறுப்பு, கரும்பழுப்போடு நில்லுங்கள்.

தொப்பிக்கு: அடர்ந்த முடிக்கென்றே பெரிய அளவில் செய்யும் சோல் கேப் போன்றவை இருக்கின்றன. சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு 2021ல் அதைப் போட்டிகளுக்கு மறுத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022ல் ஏற்றுக்கொண்டது. எட்டு வயதுக்குச் சிறுவர் அளவிலேயே பெரியது வாங்குங்கள். பெரியவர்கள் அளவு நெற்றியில் தளர்ந்து தண்ணீர் புகும்.

பின்னல்காரி_கிராய்டன்

நீச்சலுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தொப்பியும் முடியை முழுக்கக் காயாமல் வைக்காது. குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலையை நல்ல தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவிவிட்டுத் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் அன்றே அலச வேண்டும், வெறும் தண்ணீர் போதாது, மூக்கு வைத்த பாட்டிலில் கலந்த ஷாம்பு. நீச்சல் பருவத்துக் கார்ன்ரோவில் சவுரி சேர்க்காதீர்கள். நெற்றியிலிருந்து பிடரிக்கு நேராக 8 முதல் 10 வரிசை, ஒரு வாரம் அல்லது பத்து நாள். வரிசை எவ்வளவு மெலிதோ அவ்வளவு இழுக்கும், அதனால் விரல் தடிமன் இருக்கட்டும். அதன் மேல் தொப்பியும் சுலபமாக ஏறும்.

எண்ணெய் கேள்விக்கு. நம் வீடுகளில் முடி வறண்டால் எண்ணெய் வை என்பதுதான் பழக்கம், நீண்ட நேர்முடிக்கு அது பொருந்தும். இந்த முடிக்கு வேண்டியது தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரை உள்ளே பூட்டும், அவ்வளவுதான். காய்ந்த முடி மேல் எண்ணெய் வைத்தால் வறட்சியை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். தெளிப்பான் பாட்டிலில் நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு லீவ் இன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, முறுக்கு ஈரப்பதமாகத் தெரியும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் சுருங்கி வேரடியில் மொத்தையாகிவிடும். பிறகு உள்ளங்கையில் நாலைந்து துளி எண்ணெய் தேய்த்து, முறுக்கின் பாதியிலிருந்து நுனி வரை உருவி விடுங்கள். தலைத்தோலில் ஊற்ற வேண்டாம், அடியில் பொடுகும் பஞ்சும் ஒட்டி அந்தச் சாம்பல் வளையத்தைத்தான் வளர்க்கும். குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும் அறையில் படுக்கிற பிள்ளைக்கு இதைத் தினமும் செய்ய வேண்டி வரலாம்.

இரவுக்குச் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி, உரசி நுனியை முறிக்கும். தொப்பியின் எலாஸ்டிக் காலையில் நெற்றியில் கோடு போட்டால் அது இறுக்கம். பின்னால் நாடா வைத்துக் கட்டுவதாகப் பாருங்கள். தூக்கத்தில் தொப்பியைக் கழற்றி எறிகிற பிள்ளைக்குச் சாட்டின் தலையணை உறை இன்னும் உபயோகம்.

முதல் தடவை முறுக்கும்போது பின்பக்கத்தில், பிடரியிலிருந்து தொடங்குங்கள். கை தடுமாறுகிற வரிசைகள் அடியில் மறைந்துவிடும், முன்பக்கம் வரும்போது கை பழகியிருக்கும். ஆனால் அந்த நேரம் பிள்ளையும் களைத்திருக்கும், ஆகவே நெற்றி வரிசைக்கு முன் ஒரு இடைவேளை விடுங்கள்.